லோடை இறக்கிய மத்தியானம்

போன தை மாதம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கல்யாணம். எங்கள் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், இன்னும் வேலையில் இருப்பவர்கள் என்று ஏழெட்டுப் பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டோம். என் பக்கத்து இலை கவிதாவுக்கு. நான் பார்த்த ஷிப்ட் பொறியாளர் வேலையை இப்போது பார்க்கிறவள். சாம்பார் வருவதற்குள் குறையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"மேடம், இப்பெல்லாம் வேலை ஒரு தினுசா இருக்குதுங்க. வெயில் ஏறுனா லோடை எறக்குங்கறாங்க. மத்தியானம் பாதிக்குக் கீழ வெச்சு ஓட்டச் சொல்றாங்க. பொழுது எறங்குனா மடமடன்னு ஏத்தச் சொல்றாங்க. பாய்லர் என்ன பம்ப்செட்டுங்களா, போட்டுப் போட்டு நிறுத்தறதுக்கு?"

"எல்லார் ஊட்டு மொட்டை மாடியிலயும் சோலார் வந்திருச்சே. பகல்ல நம்ம கரண்ட் யாருக்கு வேணும்?" என்றேன்.

"உங்க காலத்துல லோடை எறக்குனதே இல்லைன்னு சொல்றாங்களே, நெசமாங்க?"

"எறக்கியிருக்கோம். ஒருக்கா எறக்குனதுக்கு விசாரணையே வெச்சாங்க."

அவள் அப்பளத்தைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். லோடு என்பது நாங்கள் வெளியே அனுப்பும் மின்சாரத்தின் அளவு. அதை இறக்கிய கதை பந்தியில் சொல்லி முடிகிறது இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ராசிபுரம் பக்கம். அப்பாவுக்குக் கிணறும் கொஞ்சம் மரவள்ளிக் காடும் இருந்தன. என்னை மின்னியல் டிப்ளமா படிக்க வைத்தார். அனல் மின் நிலையத்தில் வேலை கிடைத்தபோது பெண் என்பதால் அலுவலகத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள். கடிதங்களுக்கு எண் போடும் வேலை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் புகைபோக்கி தெரியும். அது எதற்காகப் புகைகிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்க்காமல் சம்பளம் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் வேலை வேண்டும் என்று கேட்டேன். முதல் தடவை சிரித்தார்கள், அடுத்த தடவை யோசிக்கிறோம் என்றார்கள். பிறகு ஷிப்டுக்கு ஆள் போதாமல் போய், வேறு வழியில்லாமல் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கல்யாணம் ஆகிச் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சரக்கு ரயில் ஓட்டுநர். பல நாட்களில் அவர் இழுத்துக்கொண்டு வருவது நிலக்கரி, நான் போய் எரிப்பதும் அதே நிலக்கரி. இரண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை என்பதால் வாரத்தில் பாதி நாள் ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது மற்றவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார்.

"நாங்க கொண்டாந்து கொட்டறதுக்குள்ள நீங்க எரிச்சுப் போடறீங்க. ஒரு நாளாவது அடுப்பை அணைச்சு வெக்கறீங்களா?" என்பார்.

"அணைச்சா உங்க ரயிலும் நின்னுபோகுமுங்க" என்பேன். கரி ரயிலை இழுக்கும் இன்ஜினும் மின்சாரத்தில்தான் ஓடியது.

அந்த அடுப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கரியை மாவு மாதிரி அரைத்து, காற்றோடு சேர்த்துப் பாய்லருக்குள் ஊத வேண்டும். உள்ளே பெரிய வீட்டை விட உயரமான நெருப்பு நின்று எரியும். சுற்றிலும் சுவர் முழுக்கக் குழாய்கள். குழாய்க்குள் ஓடும் தண்ணீர் நீராவியாகி டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்றும், டர்பைன் சுற்றினால் மின்சாரம். எரிந்த கரியின் சாம்பலில் ஒரு பகுதி பாய்லரின் அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் விழும். அங்கே குளிர்ந்து குழம்பாகி வெளியேறிவிடும். மேலே நெருப்பு, கீழே தண்ணீர். அந்தத் தொட்டியைச் சுற்றி இரும்புக் கதவுகள் உண்டு. சாம்பல் எங்காவது கட்டிக்கொண்டால் அந்தக் கதவைத் திறந்து நீளமான கம்பியால் குத்தி இறக்குவார்கள். அந்த வேலை செய்கிறவர்கள் எல்லாம் ஒப்பந்தத் தொழிலாளர்கள், சுற்று வட்டாரத்துக்காரர்கள்.

எனக்கு மேலதிகாரியாக வந்தவர் செங்கோட்டுவேல் சார். திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். நல்ல உயரம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. சாம்பல் அள்ளுகிறவரோடு பேசினாலும் சரி, தலைமைப் பொறியாளரோடு பேசினாலும் சரி, அதே 'ங்க' போட்ட பேச்சு. முக்கியமான உத்தரவு எதையும் அவர் போனில் சொல்ல மாட்டார். இருக்கும் இடத்திலிருந்து நடந்து வந்து, நம் மேசைக்குப் பக்கத்தில் நின்று சொல்வார். சொன்னதை நாம் திரும்பச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகு "சரிங்க" என்பார். அந்தச் சரிங்க வராமல் யாரும் எந்தப் பொத்தானையும் தொட முடியாது.

அவரிடம் நான் பாய்லர் பற்றவைக்கக் கற்றுக்கொண்ட விதம் இன்னும் நினைவில் இருக்கிறது. முதலில் விசிறிகளை ஓட்டி உள்ளே தங்கியிருக்கும் வாயுவையெல்லாம் வெளியேற்ற வேண்டும். அதில் அவசரப்பட்டால் பற்றவைக்கும்போதே வெடித்துவிடும். பிறகு எண்ணெயில் நெருப்பு. பாய்லர் சுவரில் ஒரு சிறிய துவாரம் உண்டு. நீலக் கண்ணாடியைக் கண்ணுக்கு முன் பிடித்துக்கொண்டு அதன் வழியாகப் பார்ப்பார். நெருப்பு மஞ்சளாக, நடுங்காமல் நிற்க வேண்டும். நின்றால் கண்ணாடியை என்னிடம் கொடுத்து, "நீங்களும் பாருங்க" என்பார். எண்ணெய் நெருப்பு நிலையான பிறகுதான் கரி. நீராவி ஏறி, டர்பைன் சுற்ற ஆரம்பித்து, முழு வேகத்துக்கு வரப் பாதிப் பகல் போய்விடும்.

கடைசியில்தான் எனக்குப் பிடித்த கட்டம். எங்கள் இயந்திரத்தை மாநிலத்தின் மின் வலையோடு இணைக்க வேண்டும். மேசைக்கு மேலே கடிகாரம் மாதிரி ஒரு கருவி, அதில் ஒரே ஒரு முள். நம் இயந்திரத்தின் சுழற்சியும் வெளியே ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தின் சுழற்சியும் ஒத்துப்போகாத வரை முள் சுற்றிக்கொண்டிருக்கும். நம் வேகத்தைச் சன்னமாகச் சரிசெய்யச் சரிசெய்ய, முள் சோம்பலாக நகரும். பன்னிரண்டைத் தொடப்போகிற நேரத்தில் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். தப்பான இடத்தில் திருப்பினால் இயந்திரத்தின் அச்சே முறுக்கிக்கொள்ளும். சரியான இடத்தில் திருப்பினால் எங்கோ தூரத்தில் ஒரு 'தொக்' சத்தம். அவ்வளவுதான். நாம் ஊரோடு சேர்ந்துவிட்டோம்.

ஒரு தடவை அந்தக் கட்டத்தில் அவர் வழக்கம்போல, "என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். பலமுறை செய்தாகிவிட்டதே என்ற தைரியத்தில், "தெரியுமுங்க சார்" என்றேன்.

"எனக்கும் தெரியுமுங்க. இருந்தாலும் காதுல விழுந்தா நல்லா இருக்கும்" என்றார்.

சொன்னேன். "சரிங்க" என்றார். திருப்பினேன்.

அந்த வருடங்களில் மின்சாரத்துக்குப் பட்ட பாட்டை இன்றைக்குப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ராசிபுரத்தில் ஒரு நாளில் கரண்ட் இருக்கும் நேரத்தை விட இல்லாத நேரம் அதிகம். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் மரவள்ளிப் பால் புளித்துப் போகும். தறிக்காரர்கள் கரண்ட் வரும் நேரத்துக்குத் தூக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். காற்றாலைகள் தெற்கே இருந்தன, ஆனால் காற்று அடிக்கும் மாதங்களில்தான் அவை ஓடும். அணையில் தண்ணீர் இருந்தால் நீர் மின்சாரம். மற்றபடி எல்லோரும் எங்கள் மாதிரிக் கரி நிலையங்களைத்தான் நம்பியிருந்தார்கள். மாநிலத்தில் எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று சொல்லும் மையத்தை நாங்கள் டெஸ்பாட்ச் என்போம். அங்கிருந்து வரும் போனில் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் கேட்டது ஒரே பேச்சுதான். இன்னும் கொஞ்சம் ஏற்ற முடியுமா?

அப்படிப்பட்ட ஒரு சித்திரை மாதம், ஒரு பாய்லரும் டர்பைனும் சேர்ந்த எங்கள் யூனிட்டில் முழு லோடு ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமான கரி போதாததால் வேறொரு சுரங்கத்துக் கரியையும் கலந்து எரித்தோம். அந்தக் கரியின் சாம்பல் சீக்கிரம் உருகும் குணம் உள்ளது. உருகிய சாம்பல் பாய்லர் சுவரில் ஒட்டி, மேலும் மேலும் படிந்து, பாறையாக இறுகும். கிளிங்கர் என்று பெயர். சின்னதாக இருந்தால் தானே உதிரும். பெரிதாகத் தொங்கினால் தலைக்கு மேலே பாறையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

அன்று காலையில் நான் ஷிப்ட் பொறுப்பில் இருந்தேன். பாய்லருக்குள் காற்றழுத்தம் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கியது. நீராவி அளவுக்கு மேல் சூடாகியது. அதைக் குளிர்விக்கத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் பெரியசாமி மேலே வந்தார். சாம்பல் தொட்டிப் பகுதியில் வேலை செய்த ஒப்பந்த ஆட்களுக்கு மேஸ்திரி அவர்.

"அம்மிணி, சாம்பல் எறங்க மாட்டீங்குது. கம்பி போட்டுக் குத்திக்கிட்டுத்தான் இருக்கறோம். மேல என்னமோ பெருசா நிக்குதுங்க" என்றார்.

செங்கோட்டுவேல் சாருக்குச் சொல்லி அனுப்பினேன். நேராகப் பாய்லருக்குப் போய், ஒவ்வொரு துவாரமாக நீலக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"பாதி அடைச்சுக்கிட்டு நிக்குதுங்க. ஒரு பஸ் அளவுக்காவது இருக்கும்" என்றார். பிறகு, "கீழ எத்தனை பேரு வேலை செய்யறாங்க?" என்று கேட்டார்.

பெரியசாமி ஆட்களின் பெயர்களைச் சொன்னார். வெளியே போயிருந்த ஒருத்தரைத் தவிர எல்லோரும் தொட்டிக் கதவுகளுக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

"எல்லாத்தையும் வெளிய கூட்டிட்டு வாங்க. கம்பியெல்லாம் போட்டது போட்டபடி இருக்கட்டும்."

பெரியசாமி தயங்கினார். "வேலையை நிறுத்துனா காண்ட்ராக்டர் சத்தம் போடுவாருங்க."

"நானே வாரேனுங்க. வாங்க போலாம்."

போவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பினார். "லோடைப் படிப்படியாப் பாதிக்கு எறக்குங்க. சூடு கொறையட்டும். நான் வந்து சொல்ற வரைக்கும் ஏத்தாதீங்க. என்ன சொன்னேன்?"

"லோடைப் படிப்படியாப் பாதிக்கு எறக்கறேனுங்க. நீங்க வந்து சொல்ற வரைக்கும் ஏத்த மாட்டேனுங்க."

"சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் படி இறக்கியதுமே டெஸ்பாட்சிலிருந்து போன் வந்தது. அந்தக் குரலை எனக்குப் பல வருடமாகத் தெரியும். ஆளைப் பார்த்ததில்லை. நல்ல மனிதர், பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்வார்.

"மேடம், என்ன பண்றீங்க? இறக்காதீங்க."

"பாய்லர்ல கிளிங்கர் தொங்குதுங்க. கொறைச்சுத்தான் ஆகோணும்."

"எல்லாரும் ஓட்டிக்கிட்டே குத்தி எடுக்கறதுதானே? சாயங்காலம் வரைக்கும் தாக்குப் பிடிங்க. நீங்க இறக்கற அளவுக்கு நான் ஊர் ஊரா அணைக்கணும். இப்பவே பாதி ஊர் இருட்டுல கிடக்கு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஓட்டிக்கொண்டே குத்தி எடுப்பதுதான் எங்கும் வழக்கம், நாங்களும் அப்படித்தான் செய்துவந்தோம். அணைக்கப்படும் ஊர்களில் என் அண்ணன் ஊரும் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த படியையும் இறக்கினேன்.

கீழே காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வந்து சண்டை போட்டதைப் பெரியசாமி மேலே வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், ஒன்றும் விழவில்லையே, உள்ளே போய் வேலையைப் பாருங்கள் என்று விரட்டியிருக்கிறார். செங்கோட்டுவேல் சார் பக்கத்து அறையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்து வந்து, சாம்பல் தொட்டிக்குப் போகும் ஒரே வழியின் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட்டாராம். அவரைத் தாண்டித்தான் யாரும் போக வேண்டும். அவரைத் தாண்டிப் போக யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் எனக்கு நிலையத்தின் தலைமை அதிகாரியிடமிருந்து போன் வந்தது. அவர் அன்றைக்குச் சென்னையில் ஒரு கூட்டத்தில் இருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மின்வெட்டுக்குப் பதில் சொல்லச் சொல்லி அவரை ஒரு மேசைக்கு முன்னால் உட்காரவைத்திருந்தார்கள்.

"மரகதம், யாரு லோடைக் குறைக்கச் சொன்னது?"

சொன்னேன்.

"செங்கோட்டுவேலைக் கூப்பிடுங்க."

"அவரு கீழ இருக்காருங்க சார். ஆளுக உள்ள போகாம வழியில உக்காந்திருக்காருங்க."

"சரி, இப்ப நான் சொல்றேன். லோடை ஏத்துங்க. ஆளுங்களை விட்டுக் குத்தச் சொல்லுங்க."

அறையில் இருந்த உதவியாளர்கள் இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவரு வந்து சொல்ற வரைக்கும் ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டேனுங்க சார்."

"நான் அவருக்கு மேல இருக்கறவன். நான் சொல்றது உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குதுங்க சார்."

"கேட்டுமா ஏத்தலை? உங்க பேர்ல எழுத வேண்டி வரும்."

"எழுதுங்க சார்" என்றேன். கோபத்தில் சொல்லவில்லை. அவர் வைத்துவிட்டார். போனை வைத்த கையால் கடைசிப் படியையும் இறக்கினேன்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காத நேரம்தான் என் வேலைக் காலத்திலேயே நீளமானது. அழுத்தம் கொஞ்சம் அடங்கியது. அப்படியே பாறை அங்கேயே நின்றுவிடும், இத்தனை ஊரையும் வீணாக அணைத்துவிட்டோம் என்று ஆகிவிடும், அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தது கேலிக்கதை ஆகிவிடும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். உதவியாளர் ஒருவர் டீ கொண்டுவந்து வைத்தார். டம்ளரில் டீ அலை அலையாக நடுங்குவதைப் பார்த்தேன். அடுத்த நொடி சத்தம் வந்தது.

சத்தம் என்பதைவிடத் தரை ஒரு முறை எம்பி இறங்கியது என்று சொல்லலாம். மீட்டர் முள்ளெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாய்லருக்குள் அழுத்தம் ஒரேயடியாக ஏறியது, நெருப்பு அணைந்துவிட்டது. மேசை முழுக்கச் சிவப்பு விளக்குகள். யூனிட் தானாகவே நின்றது, அதை ட்ரிப் என்போம். பாதியாகக் குறைத்ததும் போய், எங்களிடமிருந்து ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது மொத்தமும் பூஜ்யம்.

இயந்திரத்தைப் பத்திரமாக நிறுத்தும் வேலைகள் இருந்தன. அவற்றை முடிக்கும் வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. மனம் கீழே இருந்தது. ஒருவழியாக டர்பைன் அடங்கத் தொடங்கியதும் உதவியாளரிடம் மேசையைக் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கி ஓடினேன்.

சாம்பல் தொட்டிப் பகுதியே தெரியவில்லை, முழுக்க நீராவி. அது விலகிய பிறகு பார்த்தோம். பாறை தண்ணீரில் விழுந்த வேகத்தில் தொட்டியின் இரண்டு கதவுகள் பிய்ந்து எதிர்ச் சுவரில் மோதிக் கிடந்தன. கொதிக்கும் சாம்பல் குழம்பு தரை முழுக்க முழங்கால் அளவுக்குப் பரவியிருந்தது. காலையில் ஆட்கள் நின்று குத்திக்கொண்டிருந்த மேடையின் மேலும் அந்தக் குழம்பு புகைந்துகொண்டிருந்தது. அவர்கள் போட்டுவிட்டு வந்த கம்பிகள் வளைந்து கிடந்தன.

செங்கோட்டுவேல் சார் அதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பெரியசாமி தன் ஆட்களை ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லோரும் இருந்தார்கள். அவர்களை வேலைக்கு விரட்டிய சூப்பர்வைசர் சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"சார், கம்பி நாலும் போச்சுங்க" என்றார் பெரியசாமி.

"கம்பி வாங்கிக்கலாமுங்க" என்றார் சார்.

அன்று சாயங்காலம் அண்ணன் ராசிபுரத்திலிருந்து போன் செய்தார்.

"ஏம் பாப்பா, மத்தியானத்துல இருந்து மோட்டார் ஓடலை. வெங்காயத்துக்குத் தண்ணி பாய்ச்சோணும். உங்க பக்கம் என்னமோ வெடிச்சிருச்சுன்னு பேசிக்கறாங்க?"

நடந்ததைச் சொன்னேன்.

"ஆளுகளுக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லைங்கண்ணா."

"அப்பறம் என்ன. வெங்காயம் ரெண்டு நாள் தாங்கும்" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு யாரும் எனக்கு அவ்வளவு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

தொட்டியைக் குளிரவைத்து, பாறையை உடைத்து அள்ளி, கதவு மாற்றி, மறுபடி பற்றவைக்கப் பல நாள் ஆயிற்று. அந்த நாட்களில் எங்களுக்குக் கிடைத்த வசவு கொஞ்சமில்லை. ஷிப்ட் வேனில் நிலையத்தின் பெயர் எழுதிய பலகையை ஓட்டுநர் கழற்றி வைத்துவிட்டார். வழியில் தறிக்காரர்கள் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள் என்றார்.

பிறகு விசாரணை. மூன்று அதிகாரிகள் வந்தார்கள். என்னைக் கேட்டார்கள், நடந்ததைச் சொன்னேன். செங்கோட்டுவேல் சாரைக் கேட்கும்போது நானும் அறையில் இருந்தேன்.

"லோடைக் குறைத்ததால் பாய்லர் குளிர்ந்து, அதனால்தான் கிளிங்கர் உடைந்து விழுந்தது. குறைக்காமல் இருந்திருந்தால் விழுந்திருக்காது. ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"இருக்கலாமுங்க" என்றார் சார். "அன்னைக்கு மத்தியானம் விழுந்திருக்காது. சாயங்காலம் விழுந்திருக்கலாம். மறுநாள் விழுந்திருக்கலாம். எப்ப விழுந்திருக்குமுன்னு எனக்குத் தெரியாதுங்க. விழுந்தப்ப கீழ யாரும் இல்லைங்க. அது மட்டும் தெரியும்."

அவர் சொன்னதை ஒருவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

எனக்கு விசாரணை அதிகாரிகள் கொடுத்த ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. சாரை ஈரோட்டில் ஒரு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். போகிற அன்று கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டார். "அங்க பாய்லர் இல்லைங்க. கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கலாம்" என்றார். அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த வருடக் கடைசிக்குள் எழுத்து மூலமாக ஒரு விதி வந்தது: கிளிங்கர் இருக்கிறது என்று தெரிந்தால் முதலில் லோடைக் குறைக்க வேண்டும், அடியில் இருக்கும் ஆட்களை வெளியேற்ற வேண்டும், ஷிப்ட் பொறியாளர் சொல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. கையெழுத்துப் போட்டவர் சென்னையிலிருந்து எனக்குப் போன் செய்த அதே தலைமை அதிகாரி. அதன் பிறகு என்னை எங்கே பார்த்தாலும் நின்று பேசிவிட்டுத்தான் போவார். என் பேரில் அவர் எதுவும் எழுதவில்லை.

இரண்டு வருடத்தில் செங்கோட்டுவேல் சார் பதவி உயர்வோடு எங்களிடமே திரும்பி வந்தார். ஓய்வு பெற்று இப்போது திருச்செங்கோட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். போனில் நான் எதைச் சொன்னாலும், "திரும்பச் சொல்லுங்க" என்கிறார். இப்போது அது பழக்கத்தால் அல்ல, நிஜமாகவே கேட்கவில்லை.

நான் நிறையக் கரி எரித்திருக்கிறேன். அதன் சாம்பல் கொடியில் காயும் துணியில் படிவதையும், நிலையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் அதைச் சொல்லிச் சண்டைக்கு வந்ததையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் சண்டை நியாயமானது. அதே கரியில்தான் பிரசவ அறையில் விளக்கு எரிந்தது, தறி ஓடியது, என் அண்ணன் வெங்காயம் பிழைத்தது. இரண்டும் உண்மை. ஒன்றுக்காக இன்னொன்றை மறைக்க எனக்கு அவசியம் இல்லை. என் வேலையை நான் திருப்தியாகத்தான் செய்தேன்.

மாற்றம் மெல்லத்தான் வந்தது. தெற்கே காற்றாலைகள் பெருகின. பிறகு நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக் கூரைகளிலும் சூளைக் கொட்டகைகளிலும் நீலத் தகடுகள் முளைத்தன. அண்ணன் கிணற்று மேட்டில் சோலார் மோட்டார் போட்டார். அதன் பிறகு கரண்ட் எப்போது வரும் என்று என்னிடம் கேட்பதை விட்டுவிட்டார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின ஆடி மாதம். காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது, வெயிலும் இருந்தது. காலை ஷிப்டில் இருந்தபோது டெஸ்பாட்சிலிருந்து போன். பழைய குரல் இல்லை, புதிதாக வந்த இளவட்டம்.

"மேடம், உங்க யூனிட்டை நிறுத்திக்கலாம்."

"என்ன கோளாறுங்க?"

"கோளாறு ஒண்ணும் இல்ல மேடம். காத்தும் சோலாரும் நல்லா வருது. கரண்ட் போதும்."

"திரும்பச் சொல்லுங்க."

"கரண்ட் போதும் மேடம். நிறுத்திக்கலாம்."

அறையில் இருந்தவர்களிடம் சொன்னேன். யாரும் உடனே எழவில்லை. பிறகு முறைப்படி ஒவ்வொன்றாகச் செய்தோம். லோடை இறக்கினோம், கரி அரைக்கும் மில்களை ஒவ்வொன்றாக நிறுத்தினோம். கடைசியில் மின் வலையிலிருந்து இயந்திரத்தைப் பிரிக்கும் கைப்பிடியை நானே திருப்பினேன். திருப்பிவிட்டு, என்னை அறியாமல் கூரையைப் பார்த்தேன். விளக்குகள் ஒரு சிமிட்டுக்கூட இல்லாமல் எரிந்துகொண்டிருந்தன. காற்று ஓய்ந்ததும் மறுபடி ஏற்றச் சொல்வார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படியே நாலு நாளில் சொன்னார்கள், ஏற்றினோம். ஆனாலும் அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வேனில் வரும்போது ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு தறிச் சத்தத்தையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அவர் ஓய்வு பெற்ற மனிதராகக் கட்டிலில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே மின்விசிறி.

"யூனிட்டை நிறுத்தியாச்சுங்க" என்றேன்.

சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "என்னாச்சு? ட்ரிப் ஆயிருச்சா?"

"இல்லைங்க. கரண்ட் போதும்னு சொல்லிட்டாங்க."

பேப்பரை மடித்து வைத்தார். விசிறியை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இது எதுல ஓடுது?"

"காத்துலதானுங்க."

"காத்துல ஓடி நமக்குக் காத்துக் குடுக்குதா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் பகலில் விசிறி இரண்டாம் எண் வேகத்துக்கு மேல் சுற்றக் கூடாது. அது நான் போட்ட சட்டம். ஊருக்கே போதாத மின்சாரத்தைத் தயாரிக்கிறவள் வீட்டில் வீணாக்க எனக்கு மனசு வந்ததில்லை. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போகும் வரைக்கும் அந்தச் சட்டத்துக்காக என்னோடு சண்டை போட்டார்கள். அவர் எழுந்து போய்ச் சுவிட்சுப் பலகைக்கு முன்னால் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏத்தட்டுமா?"

"ஏத்துங்க" என்றேன்.

ஐந்தில் வைத்தார். பேப்பர் பறந்துபோய் மூலையில் விழுந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.